உப்பாற்று நகரில் வெள்ளையடிக்கத் தடை

கோமதி மூன்றாவது வாளியையும் எட்டி உதைத்தாள்.

சுண்ணாம்புப் பால் தெருவில் சரிந்து ஓடியது. வீட்டைக் காலி செய்து வெளியே போட்டிருந்த பாய், தலையணை, மிக்ஸி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு சாக்கடையில் போய் விழுந்தது.

"அடுத்த வாளி எங்கே?"

"ஏ மேடம்! கிறுக்கு ஏதும் புடிச்சிருக்கா உங்களுக்கு?"

ஏணியின் உச்சியில் நின்ற பட்டுராஜ் கத்தினார். ஒரு கையில் சுண்ணாம்பு மட்டை. மீசை, புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளை. இவர்தான் உப்பாற்று நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர் என்றால் அந்த வேஷத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இறங்குங்க அண்ணாச்சி. மட்டையைக் கீழே போடுங்க."

"நாளைக்குப் பொங்கல். பாதிச் சுவரு வெள்ளை, பாதிச் சுவரு கருப்பு. இப்பிடியே விட்டா வரிக்குதிரைக்குப் பொங்கல் வச்ச மாதிரில்லா இருக்கும்?"

எதிர் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

"இறங்கலேன்னா ஏணியையும் உதைப்பேன்" என்று கோமதி ஏணியின் கடைசிப் படியில் காலை வைத்தாள். அப்போதுதான் அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

பட்டுராஜ் இறங்கினார்.

கோமதி தோளில் தொங்கிய கை மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. காலை ஆறு மணியிலிருந்து பதினேழு தெரு முடித்திருந்தாள். "யாரும் வெள்ளையடிக்காதீங்க. அடிச்ச வீட்டுக்குள்ள யாரும் இருக்காதீங்க. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து போட்டுட்டு வெளியே வாங்க. நான் கட்டடப் பொருள் சோதனைக் கூடத்திலிருந்து பேசுறேன்."

"நீங்க எங்கேயிருந்து பேசினாலும் சரி" என்றார் பட்டுராஜ். "பத்து வருஷமா இந்த வீட்டுல இருக்கோம். பத்து வருஷமும் அடிச்சோம். ஒண்ணும் ஆகல."

"பதினொரு பேர் செத்திருக்காங்க அண்ணாச்சி."

"அது மஞ்சக்காமாலை."

"மஞ்சக்காமாலை இல்ல. ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணு பூரா உடைஞ்சு போச்சு. ஒண்ணுக்கு எப்படிப் போச்சுன்னு அந்த வீட்டுக்காரங்ககிட்டக் கேளுங்க. கடுங்காப்பி மாதிரி. மூணு வருஷத்துல பதினொரு பேர். பதினொரு பேரும் வீட்டுக்கு வெள்ளையடிச்ச மூணு நாளைக்குள்ள."

எதிர் வீட்டுப் பெண்கள் கிட்டே வந்தார்கள்.

"பன்னெண்டாவது என் அக்கா மக" என்றாள் கோமதி. "நேத்து மத்தியானம் அக்கா வெள்ளையடிச்சா. பிள்ளைக்குச் சளி, ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்திருந்தா. யாரோ பூண்டு வதக்குறாங்கம்மான்னு சொல்லியிருக்கா. ராத்திரி ஆஸ்பத்திரி. இப்ப ரத்தம் மாத்துறாங்க."

பட்டுராஜ் மட்டையைக் கீழே போட்டார். கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

"எலே, எல்லாரும் வெளியே வாங்கலே!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். அந்தக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

* * *

கலெக்டர் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பது வயது இருக்கும். மேஜை மேல் இருந்த கல்லைத் தொடாமல், பேனா முனையால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க கோமதி. இதுக்குள்ள என்ன இருக்கு?"

"கழிவு மேடம். அனல்மின் நிலையத்துச் சாம்பல், தாமிர ஆலைக் கசடு, அலுமினியம் உருக்கும்போது மேலே மிதக்குற ஆடை. மூணுலயும் விஷம் உண்டு. சும்மா கல்லா அறுத்துக் கட்டினா மழைக்குக் கசியும். அதனால ஒரு நுண்ணுயிரியை உண்டாக்கி உள்ளே விட்டாங்க. அது விஷத்தை இழுத்துத் தன்னைச் சுத்தி ஒரு ஓடு கட்டி, உள்ளே வச்சுப் பூட்டிக்கும். அந்த ஓடுதான் கல்லைச் சேர்த்துப் பிடிக்கிற பசை. அதனாலதான் உயிர்க்கல்னு பேர்."

"சிமென்ட் வேண்டாம், செங்கல் சூளை வேண்டாம், ஆத்து மணல் வேண்டாம்" என்று எதிர் நாற்காலியிலிருந்து நிரஞ்சன் சேர்த்துக்கொண்டான். நவசிலா கம்பெனியின் தலைமைப் பொறியாளன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. "மணல் தடைச் சட்டம் வந்தப்போ இந்த மாநிலத்துல வீடு கட்ட ஒரு சட்டி மண் இல்ல மேடம். நாங்க முப்பத்தெட்டு லட்சம் வீடு கட்டியிருக்கோம். ஒரு கல் கூட உடைஞ்சதா புகார் கிடையாது."

"கல் உடையல. ஆளுங்கதான்" என்றாள் கோமதி.

"பூட்டு திறக்குமா?" கலெக்டர் கேட்டார்.

"சுண்ணாம்பு பட்டா திறக்குது. கம்பெனிக் கிடங்கிலிருந்து இன்னும் கட்டாத கல் எடுத்து, கண்ணாடிப் பெட்டியில வச்சுச் சுண்ணாம்புப் பால் அடிச்சேன். பத்து நிமிஷத்துல வாயு கிளம்பிடுச்சு. நிறம் கிடையாது, புகை கிடையாது. லேசா பூண்டு வாசனை மட்டும்தான். நாலு மணி நேரம் மீட்டரைப் பார்த்துட்டு இருந்தேன். ஏறிக்கிட்டே இருந்தது."

கலெக்டர் நிரஞ்சன் பக்கம் திரும்பினார். "நீங்க இதைச் சோதிக்கவே இல்லையா?"

"எமல்ஷன் சோதிச்சோம். டிஸ்டெம்பர் சோதிச்சோம். வெளிநாட்டுப் பெயின்ட் பதினாலு வகை. சுண்ணாம்பு..." அவன் உண்மையாகவே குழம்பினான். "இன்னும் யாராவது சுண்ணாம்பு அடிக்கிறாங்களா மேடம்?"

"நீங்க கட்டிக் கொடுத்த வீட்டுல இருக்குற எல்லாரும்" என்றாள் கோமதி. "வருஷத்துக்கு ஒரு தடவை. பொங்கலுக்கு."

கலெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அடிக்காதேன்னு சொல்லிடலாம். ஏற்கெனவே பத்து வருஷமா அடிச்சது சுவத்துல இருக்கே?"

கோமதி அதையும் யோசித்துத்தான் வந்திருந்தாள். "நீர்த்த ஆசிட் வச்சுக் கழுவணும். சுண்ணாம்பு கரைஞ்சு போயிடும். ஆசிட் கல்லுக்குள்ள இறங்கினா அந்த உயிரியும் செத்துடும். திறக்குறதுக்கு ஆள் இல்லேன்னா பூட்டு பூட்டாவே கிடக்கும். அதையும் சோதிச்சேன். கழுவின கல்லுலேர்ந்து நாலு மணி நேரத்துல ஒரு துளி வாயு வரல. மீட்டர் பூஜ்யம். அப்புறம் அது உயிர்க்கல் இல்ல மேடம். வெறும் கல்."

"அவ்வளவு ஆசிட்டுக்கு எங்கே போறது?"

நிரஞ்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க கோமதிக்குப் பிடிக்கவில்லை. "எங்க சகோதர கம்பெனி உருக்காலையில இரும்பைக் கழுவின பழைய ஆசிட் குளம் குளமா நிக்குது மேடம். கொட்ட இடமில்லாம தவிச்சுக்கிட்டிருக்கோம். இலவசமா தர்றோம். டேங்கர் லாரியும் எங்களோடது. இன்னிக்கு மத்தியானமே ஆரம்பிக்கலாம்."

கலெக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "கழிவுக்கு மருந்து கழிவு."

கோமதியின் செல்போன் அதிர்ந்தது. சோதனைக் கூடத்திலிருந்து பெனடிக்ட். அவளுக்கு அடுத்த நிலை ஆய்வாளன். எதற்கும் அவசரப்படாதவன், அதனால் எதிலும் முந்தாதவன். அறைக்கு வெளியே வந்து எடுத்தாள்.

"மேடம், கையெழுத்துப் போட்டுட்டியளா?"

"போடப் போறேன்."

"ஒரு வாரம் ஓட விட்டுப் பார்ப்போமே. கல்லு விஷயம். நாலு மணி நேரம் ஒரு கணக்கா? எங்க வீட்டு இட்லி மாவு கூட எட்டு மணி நேரம் எடுக்கு."

"ஒரு வாரத்துல பொங்கல் முடிஞ்சிடும் பெனடிக்ட். முப்பத்தெட்டு லட்சம் வீடு. அதுல பாதி வீட்டுல இன்னிக்கு வாளியில சுண்ணாம்பு ஊறுது. நீ ஆஸ்பத்திரிக்கு வந்து அக்கா மக ஆதிரையைப் பாரு. பார்த்துட்டு ஒரு வாரம்னு சொல்லு."

"சரி மேடம். பெட்டிகளை அணைக்காம விடுதேன். ஓடட்டும்."

"என்னமும் பண்ணு."

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். ஒன்று, தொழில்நுட்ப அறிக்கையில். இரண்டு, பரிந்துரையில். மூன்றாவது, மாநிலம் முழுவதும் சுண்ணாம்பு விற்கவும் பூசவும் தடை, உயிர்க்கல் வீடுகள் அனைத்தையும் உடனடியாக ஆசிட் கொண்டு கழுவ உத்தரவு என்ற வரிகளுக்குக் கீழே. 'சான்றளிக்கும் ஆய்வாளர்' என்று அச்சடித்திருந்த இடத்தில்.

பத்து வருடப் பணியில் அவள் கையெழுத்து இவ்வளவு வேகமாக ஓர் உத்தரவாக மாறியதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் தலைமைச் செயலகத்திலிருந்து எல்லா மாவட்டத்துக்கும் போய்விட்டது.

* * *

டேங்கர்கள் வரிசையாக வந்தன. உப்பளப் பாதையில் புழுதி கிளம்பியது.

ரப்பர் காலணியும் முகமூடியும் போட்ட ஆட்கள் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக இறங்கினார்கள். ஆசிட் பட்டதும் சுவர் சீறியது. வெள்ளை நுரையாகப் பொங்கி வழிந்தது. பத்து வருடத்துப் பொங்கல் பத்து நிமிடத்தில் தரையில் ஓடியது. உள்ளே கரும்பச்சையாகக் கல் தெரிந்தது. குடி வந்த நாளில் பார்த்த நிறம்.

பட்டுராஜ் அதற்குள் கட்சி மாறியிருந்தார். "உள்சுவரும் அடிங்கப்பா. மூலையை விட்டுட்டுப் போறான் பாரு. ஏ தம்பி, உன் வீடா இருந்தா இப்பிடி அடிப்பியா?"

ஒரு பெண் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி. "நல்ல வேளை மேடம். நான் இன்னிக்குச் சாயங்காலம் அடிக்கலாம்னு இருந்தேன். நீங்க வரலேன்னா..." பேச முடியாமல் குழந்தையின் தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள்.

கோமதி குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு நெஞ்சு வரைக்கும் இறங்கியது.

அக்கா வீடு கடைசித் தெருவில் இருந்தது. பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்துவிட்டாள். முன்னறையில் புதுச் சுண்ணாம்பு பளபளவென்று இருந்தது. சுவரில் அத்தான் படம். ஹார்பரில் கிரேன் சங்கிலி அறுந்து அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. படத்துக்குக் கீழே ஆதிரையின் போர்வை சுருண்டபடியே கிடந்தது. அவள் எழுந்து போன பள்ளம் அதில் இருந்தது.

"இந்த வீட்டை முதல்ல அடிங்க" என்றாள் கோமதி. "ரெண்டு தடவை அடிங்க."

* * *

ஆதிரை பொங்கலன்று காலை பத்து நாற்பதுக்கு இறந்தாள்.

நான்கு முறை ரத்தம் மாற்றினார்கள். சிறுநீரகம் நின்ற பிறகு இயந்திரம் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோதே அக்கா ஆவுடைச்செல்வி எழுந்து நின்றுவிட்டாள். அவர் சொல்லி முடிக்கும் முன் தலையை ஆட்டினாள், ஏதோ ஏற்கெனவே கேட்ட செய்தி போல.

அழவில்லை. அதுதான் கோமதியைப் பயமுறுத்தியது.

"உடம்பைக் கொடுக்க மூணு மணி ஆகுமாம்" என்றாள் கோமதி. "உக்காருக்கா."

"ஏட்டி கோமு."

"சொல்லுக்கா."

"நீ படிச்சவ. கல்லைப் பத்தியே பத்து வருஷமா படிக்க. ஒரு நாளைக்கு முந்திச் சொல்லக்கூடாதா? அடிக்காதக்கான்னு ஒரு போன். ஒத்த போன்."

"எனக்கே நேத்து விடியக்காலம்தான்கா உறுதியாத் தெரிஞ்சுது."

"பிள்ளை உள்ள படுத்திருந்தா. நான் பாட்டுப் பாடிக்கிட்டே அடிச்சேன்டி. என் கையாலேயே அடிச்சேன்."

கோமதி அக்காவின் கையைப் பிடித்தாள். நக இடுக்கில் இன்னும் வெள்ளை இருந்தது. என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. இனிமேல் வேறொரு பிள்ளைக்கு இது வராது, அதைத் தன்னால் தடுக்க முடிந்தது என்ற ஒன்றுதான் மிச்சம். அதை அக்காவிடம் சொல்லக்கூடாது என்கிற அறிவும் இருந்தது.

செல்போன் அடித்தது. பெனடிக்ட்.

மாடிப்படி ஓரமாகப் போய் எடுத்தாள். "பிள்ளை போயிட்டா பெனடிக்ட்."

"கேள்விப்பட்டேன் மேடம். நான் இப்ப பேசக்கூடாது. ஆனா பேசாம இருக்கவும் முடியல." அவன் குரலில் அவசரம் இருந்தது. பெனடிக்டின் குரலில் அதை அவள் கேட்டதே இல்லை. "பெட்டியை ஓட விட்டேன்னு சொன்னேம்லா. முதல் பெட்டி, சுண்ணாம்பு அடிச்ச கல்லு. நாம அஞ்சாவது மணி நேரத்துல எழுந்து போனோம். ஆறாவது மணி நேரத்துல மீட்டர் இறங்க ஆரம்பிச்சிருக்கு. நேத்து ராத்திரியே பூஜ்யம். இப்ப வரைக்கும் பூஜ்யம். மறுபடி சுண்ணாம்பு ஊத்திப் பார்த்தேன். அப்பவும் பூஜ்யம்."

"என்ன சொல்ற?"

"ரெண்டாவது பெட்டி. ஆசிட்ல கழுவினது. நேத்து வரைக்கும் பூஜ்யம். இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு லேசா அசைஞ்சுச்சு. இப்ப முதல் பெட்டி அப்பக் காட்டினதை விட மூணு மடங்கு. ஏறிக்கிட்டே இருக்கு மேடம். நிக்க மாட்டேங்கு."

கோமதி படியில் உட்கார்ந்தாள்.

"மூணாவதா ஒண்ணு செஞ்சேன். நேத்து ஆசிட் லாரி வர முன்ன பட்டுராஜ் வீட்டுச் சுவத்துலேர்ந்து ஒரு சில்லு பெயர்த்துட்டு வந்தேன். பத்து வருஷம் வெள்ளையடிச்ச கல்லு. அதுல சுண்ணாம்பு ஊத்தினேன், தண்ணி ஊத்தினேன், சூடு பண்ணினேன். ஒண்ணும் வரல. இரும்புப் பெட்டி மாதிரி இறுகிக் கிடக்கு. மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தேன். உயிரி அத்தனையும் கொழுகொழுன்னு உசிரோட இருக்கு. ஓட்டைப் புதுசு புதுசா கட்டிக்கிட்டே இருக்கு. எதை வச்சுக் கட்டுது தெரியுமா மேடம்?"

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சுண்ணாம்பு வச்சு. அது பூட்டைத் திறக்கல. அதுக்குச் சுண்ணாம்புதான் சாப்பாடு. கம்பெனியோட பழைய காப்புரிமைப் பேப்பரைத் தேடி எடுத்தேன். முதல் கலவையில நூத்துக்கு நாலு பங்கு சுண்ணாம்பு இருந்திருக்கு. அப்புறம் வந்த கலவையில இல்ல. எடுத்துட்டாங்க. கல்லு பட்டினியா வந்திருக்கு மேடம். ஜனங்க வருஷா வருஷம் தெரியாம சோறு போட்டிருக்காங்க."

"கிடங்குக் கல்..." என்றாள் கோமதி. "நான் எடுத்தது கிடங்குக் கல்."

"ஆமா. பல வருஷப் பட்டினி. ஓடு தேஞ்சு வாயு உள்ளேயே கோத்துக் கிடந்திருக்கு. சாப்பாடு கிடைச்சதும் அது எந்திரிச்சுப் புதுசா கட்டும்போது, உள்ளே கிடந்ததை முதல்ல வெளியே தள்ளியிருக்கு. அந்த நாலு மணி நேரத்தைத்தான் நாம பார்த்தோம்."

கீழே ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பொங்கல் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெல்லமும் நெய்யும் மணத்தன.

"ஆசிட்டை நிறுத்தணும்." அவள் எழுந்தாள். "நிறுத்திட்டு, கழுவின வீட்டுக்கெல்லாம் உடனே சுண்ணாம்பு அடிச்சா..."

"ஓடு கட்டுற உயிரி ஆசிட்ல செத்துப் போச்சு. செத்துப் போனதுக்கு எப்பிடி மேடம் சோறு போடுறது?"

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு கலெக்டரைக் கூப்பிட்டாள். ஐந்தாவது முயற்சியில் கிடைத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது, பொங்கல் விழா மேடை. கோமதி சொல்லச் சொல்ல அது தள்ளிப் போய் ஒரு கதவு சாத்தும் சத்தம் வந்தது.

"கோமதி, நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒன்பது மாவட்டத்துல வேலை நடக்குது. ஆறு லட்சம் வீடு முடிஞ்சிருக்கு. நேத்து நீங்கதான் சொன்னீங்க, பதினொரு பேர் சுண்ணாம்புலதான் செத்தாங்கன்னு. இன்னிக்குச் சுண்ணாம்பு நல்லதுன்னு சொல்றீங்க. நான் மேலே எதைச் சொல்லட்டும்?"

"நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க மேடம்."

"அப்போ அந்தப் பதினொரு பேர்? உங்க அக்கா பொண்ணு? அவங்களும் வெள்ளையடிச்ச வீட்டுலதானே இறந்தாங்க? அதுக்கு என்ன பதில்?"

கோமதி ஒரு படி இறங்கினாள், மறுபடியும் ஏறினாள்.

"அறிக்கையா கொடுங்க. திங்கட்கிழமை கமிட்டி கூட்டச் சொல்றேன். அதுவரைக்கும் உத்தரவு உத்தரவுதான்" என்றார் கலெக்டர். கெட்டவர் இல்லை. குரல் நடுங்கியதை கோமதி கேட்டாள். "அதுவரைக்கும் வேற யார்கிட்டேயும் பேசாதீங்க. பீதியாயிடும்."

நிரஞ்சன் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் படியிலேயே நின்றாள். கலெக்டரின் கேள்வியை இருட்டில் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். நல்ல கேள்விதான். சுண்ணாம்பு சோறு என்றால் அந்தப் பதினொரு பேர் எப்படிச் செத்தார்கள்? பெனடிக்ட் சொல்வதில் எங்கோ ஓட்டை இருக்கிறது. இருக்க வேண்டும். வருஷா வருஷம் வெள்ளையடித்த சுவர் இரும்புப் பெட்டி என்றால் அந்தப் பதினொரு வீட்டுச் சுவர் மட்டும் ஏன் வாயு கக்கியது? உப்பாற்று நகரில் இரண்டாயிரத்து முந்நூறு வீடு. எல்லாம் ஒரே கல், ஒரே சுண்ணாம்பு. இந்தக் கேள்விக்கு விடை இல்லாத வரை தன் அறிக்கைக்கு உயிர் இருக்கிறது. அவளுக்கு அது போதும், திங்கட்கிழமை வரைக்காவது.

திரும்பி வந்தபோது அக்காவைச் சுற்றி மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உப்பாற்று நகர்ப் பெண்கள். துக்கம் கேட்க பஸ் பிடித்து வந்திருந்தார்கள். கோமதிக்கு மூவரையும் தெரியும். பதினொரு வீட்டுப் பட்டியலில் நாலாவது வீடு, ஏழாவது வீடு, பத்தாவது வீடு. போன மாதம்தான் நாற்பத்திரண்டு கேள்வி அச்சடித்த படிவத்தோடு ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து நிரப்பியிருந்தாள். என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தண்ணீர், எந்தக் கடைச் சுண்ணாம்பு, எத்தனை ஜன்னல், எத்தனை மணிக்கு வெள்ளையடித்தார்கள்.

ஆவுடை இப்போது அழுதுகொண்டிருந்தாள். அந்த மூவரில் சண்முகக்கனி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். கனிக்கு நாற்பத்தைந்து வயது. உப்பளத்தில் வேலை செய்து கால் வெடித்திருந்தது. கல்லூரிக்குப் போன ஒரே மகனை முந்தின வருடம் கொடுத்தவள்.

"உன் கை என்னட்டி செய்யும்? உன் கையக் குத்தம் சொல்லாத. துஷ்டி விழுந்த, சாவு கண்ட வீடு ரெண்டாவது ஆளைக் கேக்கும். என் வீட்டுலயும் கேட்டுச்சு."

கோமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன சொன்னீங்க மதினி?"

"என்னத்தச் சொன்னேன்? ஊரு சொல்லுறதத்தான் சொன்னேன். எங்க மாமியா ஒரு புரட்டாசியில போனாவ. ஒரு வருஷம் கழிஞ்சு வந்த பொங்கலுக்கு எம்மவன். ராமலச்சுமி வீட்டுல மாமனாரு, அப்புறம் அவ வீட்டுக்காரரு. ஆவுடைக்குப் புருஷன், இப்ப பிள்ள."

"அப்போ நடுவுல ஒரு பொங்கல் வந்திருக்குமே? உங்க மாமியார் போன அந்த வருஷப் பொங்கல்?"

கனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ராமலட்சுமியும் பார்த்தாள். துக்க வீட்டில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவளைப் பார்ப்பதுபோல.

"துஷ்டி வீட்டுல ஏது பொங்கலு?"

"வெள்ளை?"

"என்ன பிள்ள பேசுத? எழவு விழுந்த வருஷம் யாராவது சுவத்துக்கு வெள்ளையடிப்பாவளா?"

கோமதி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். போன பொங்கலன்று கோமதியும் அக்கா வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. கரும்பு வாங்கவில்லை. சுவர் அழுக்காக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டிலிருந்து வந்த பொங்கலைச் சாப்பிட்டிருக்கிறாள்.

"நான் படிவம் எழுத வந்தேனே. அத்தனை கேள்வி கேட்டேனே. ஏன் மதினி இதைச் சொல்லல?"

"நீ வெள்ளையடிச்சது என்னைக்குன்னு கேட்ட, சொன்னோம். அடிக்காததப் பத்தி நீ கேக்கவே இல்லியே தாயி. இதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா? நீயும் இந்த ஊர்ப் பிள்ளதானே?"

"மத்த எட்டு வீடு?" அவள் கனியின் எதிரே குந்தினாள். "அந்த எட்டு வீடும் எப்படி?"

சண்முகக்கனி ஆவுடையின் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"எட்டும்தான். பதினொரு வீடும் அதுக்கு முந்தின வருஷம் வெள்ளையடிக்காம விட்ட வீடுதான்."